கானமயிலும் மின்கம்பியும்: பாலை நிலத்திலிருந்து ஒரு பாடம்

'கானமயில்' என்று கரும்பலகையில் எழுதி, இந்தப் பறவையை வரையுங்கள் என்று சொன்னால், எட்டாம் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் தோகை விரித்த மயிலைத்தான் வரைகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூதுரைப் பாடலைச் சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள். கானம் என்றால் காடு, கானமயில் என்றால் காட்டு மயில் என்று உரையும் படித்திருக்கிறார்கள். ஆனால் இன்று தமிழில் பறவைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கானமயில் என்ற பெயரால் குறிப்பது வேறொரு பறவையை. அதற்குத் தோகை கிடையாது, காட்டிலும் வாழ்வதில்லை. திறந்த புல்வெளியில், வறண்ட நிலத்தில் நடந்து திரியும் பெரிய பறவை அது. ராஜஸ்தானில் அதன் பெயர் கோடாவன்.

(அதே பாடலில் வரும் வான்கோழியும் ஒரு புதிர்தான். இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் வழியாகவே இங்கு வந்தது. அப்படியென்றால் பாடலில் உள்ள வான்கோழி எது? தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளை எடுக்க நல்ல கேள்வி.)

சென்ற கல்வியாண்டில் வாழிடமும் உயிரினப் பாதுகாப்பும் என்ற பகுதியை நடத்தும்போது, புலியையும் யானையையும் ஓரமாக வைத்துவிட்டு இந்தப் பறவையை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. புலி எப்படிக் குறைந்தது என்று கேட்டால் 'வேட்டையாடினார்கள், காட்டை அழித்தார்கள்' என்று மாணவர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதையில் கெட்டவர் யார் என்பது முன்பே தெரியும். கானமயிலின் கதை அப்படிப்பட்டதல்ல. அதை இன்று அழித்துக்கொண்டிருக்கும் காரணங்களில் ஒன்று, நாம் வகுப்பில் நல்லது என்று சொல்லிக் கொடுக்கும் சூரிய மின்சாரமும் காற்றாலையும். அந்தச் சிக்கலை மாணவர் முன் வைக்கலாமா என்று சில ஆசிரிய நண்பர்கள் கேட்டார்கள். வைக்கலாம் என்பது என் அனுபவம். எப்படி வைத்தேன் என்பதோடு, அதற்கு வேண்டிய செய்திகளையும் இங்கே தருகிறேன்.

பறவையைப் பற்றி

ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் உலகின் மிகக் கனமானவற்றுள் ஒன்று. பெண் அதில் பாதிகூட இராது. வெளிர் கழுத்து, கறுப்புத் தொப்பி வைத்தது போன்ற உச்சி, ஆணுக்கு மார்பின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தொண்டைப் பையை ஊதித் தொங்கவிட்டு, வாலை முதுகின்மேல் நிமிர்த்தி, ஆழ்ந்த குரலில் உறுமும். திறந்தவெளியில் அந்த ஒலி அரைக் கிலோமீட்டர் வரை கேட்கும். வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், இலந்தைப் பழம், தானியம், நிலக்கடலை என்று எதையும் தின்னும். இலந்தைப் பழம் என்றதும் வகுப்பில் பறவைமேல் ஒரு நெருக்கம் வந்துவிட்டதைப் பார்த்தேன்.

கூடு கட்டாது. வெறும் தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. ஏறக்குறைய 27 நாள் அடைகாக்கும். நரி, நாய், உடும்பு, காகம் எல்லாம் அந்த முட்டைக்குப் போட்டி. குஞ்சு பொரித்தாலும் தாயோடு ஓராண்டு வரை திரியும். 'கோழி வருசத்துக்கு எத்தனை முட்டை போடும், இது எத்தனை போடும்' என்று ஒரு மாணவன் தானாகவே கேட்டான். அந்தக் கேள்வியிலிருந்துதான் கணக்குப் பாடம் தொடங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து தமிழகம் வரை, மேற்கு, மத்திய, தென்னிந்தியாவின் வறண்ட புல்வெளிகளில் இது பரவியிருந்தது. 1969-இல் சுமார் 1,260 பறவைகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2011-இல் 250-க்கும் கீழே இறங்கிவிட்டதாகக் கருதி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அருகிய இனம்' என்ற கடைசிப் படியில் சேர்த்தது. அதன்பின் வந்த மதிப்பீடுகள் இந்தியா முழுவதும் 150 அளவில்தான் சொல்கின்றன. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஜெய்சால்மர் மாவட்டத்திலும் அதையொட்டிய தார்ப் பாலையிலும்தான். குஜராத்தின் கட்ச் பகுதியில் சில பெண் பறவைகள் மட்டும் மிஞ்சின. ஆண் இல்லை. மகாராஷ்டிரத்தின் நான்னஜ், ஆந்திரத்தின் ரோல்லபாடு, கர்நாடகத்தின் சிருகுப்பா ஆகிய இடங்களிலும் விரல்விட்டு எண்ணும் நிலைக்குப் போய்விட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1970-களின் இறுதியில் அரபு நாட்டு விருந்தினர்கள் வல்லூறுகளுடன் ஜெய்சால்மருக்கு வேட்டையாட வந்தபோது ராஜஸ்தான் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1980-இல் ஜெய்ப்பூரில் இந்தப் பறவைக் குடும்பத்துக்கென்றே பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. 1981-இல் கோடாவன் ராஜஸ்தானின் மாநிலப் பறவையானது. ஏறக்குறைய அதே நேரத்தில் 3,162 சதுர கி.மீ. பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்காவும் உருவானது. இவ்வளவுக்குப் பிறகும் எண்ணிக்கை ஏன் ஏறவில்லை?

பாலை என்ற சொல்

இந்தக் கேள்விக்கு விடை தேடும் முன் நம் மொழியில் உள்ள ஒரு சிக்கலைத் தாண்ட வேண்டியிருந்தது. ஐந்திணையில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு தம் இயல்பு திரிந்தால் அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தமிழ்நாட்டின் நிலத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதைப் படித்த பிள்ளை 'பாலைவனம்' என்ற சொல்லைக் கேட்கும்போது, நன்றாக இருந்த ஏதோ ஒன்று கெட்டுப்போன இடம் என்றே புரிந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புப் புவியியல் நூலில் பாலைவன வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டு சகாராவும் லடாக்கும். நம் நாட்டுத் தார் அங்கே விரிவாக வராது.

தார் கெட்டுப்போன நிலம் அல்ல. அது அப்படியேதான் இருக்க வேண்டிய நிலம். மணற்குன்றுகள் ஒரு பகுதிதான். மீதி பரந்த புல்வெளி, கல் தரை, முட்புதர். அங்கே வளரும் சேவண் என்ற புல், கொஞ்சம் மழை பெய்தாலும் துளிர்த்து, பல ஆண்டு வேர் தாங்கி நிற்கும். ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் அதை நம்பி வாழ்கின்றன. கானமயிலுக்கும் அதுதான் வீடு. கேஜ்ரி என்று அவர்கள் போற்றும் மரம் நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலமரம். 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் அந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து உயிர் கொடுத்தார்கள் என்று சொன்னபோது, விருத்தாசலத்தில் பாட்டி வீடு உள்ள ஒரு மாணவி 'எங்க கோயில் மரமா சார்?' என்று எழுந்து நின்றாள்.

வன்னியின் உறவுக்கார மரம் ஒன்றும் நமக்குத் தெரியும்: வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். ராஜஸ்தானில் அதை 'விலாயதி பபூல்' என்கிறார்கள். சீமை என்றாலும் விலாயத் என்றாலும் பொருள் ஒன்றுதான். இங்கே ஏரிகளை விழுங்கிய அந்த மரம் அங்கே புல்வெளிகளை விழுங்கியது. பாலையைப் 'பசுமையாக்க' வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் நட்டதுதான்.

சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பள்ளிகளில் இயற்கைப் பாதுகாப்பு என்றால் மரக்கன்று நடுவது என்று ஆகிவிட்டது. புல்வெளியில் மரம் நடுவது புல்வெளியை அழிப்பதுதான். எங்கள் கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவது அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரங்களில் வரிசை வரிசையாகச் சவுக்கு நட்டபோது, ஆமை முட்டையிடும் மணலை நெருங்கி நடலாமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். மாணவர்களை மணலுக்கு அழைத்துச் சென்று, அடப்பங்கொடியின் வேரையும் சவுக்கின் அடியில் எதுவும் முளைக்காத தரையையும் அருகருகே காட்டினால் போதும். தாருக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொரு சொல்லும் தொல்லை தருகிறது: 'தரிசு'. அரசுப் பதிவேடுகளிலும், நாட்டின் தரிசு நிலங்களைக் காட்டும் வரைபடத் தொகுப்பிலும், புதர்க்காடும் புல்வெளியும் பயனற்ற நில வகைகளில் சேர்க்கப்படுகின்றன. காடு என்றால் எடுக்கத் தயங்குவார்கள், வயல் என்றால் உரிமையாளர் இருப்பார். தரிசு என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். 1958-இல் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய் (பின்னர் இந்திரா காந்தி கால்வாய்) தண்ணீர் கொண்டு வந்தது. புல்வெளி வயலாயிற்று. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத மக்களுக்கு அது வந்தது. ஆனால் வாழிடம் சுருங்கியது என்பதும் உண்மை.

ஜெய்சால்மரில் 'ஓரண்' என்று சில நிலங்கள் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஊர் விட்டுவைத்த மேய்ச்சல் நிலங்கள். அங்கே மரத்தை வெட்டுவதில்லை, உழுவதில்லை. நம் கோயில்காடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி அப்படியொரு காடு இருப்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஓரண்களில் பல, அரசுக் கணக்கில் தரிசாகவே பதிவாகியுள்ளன. தெக்ராய் மாதா ஓரண் போன்ற இடங்களில் மின்கோபுரங்கள் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றது அதனால்தான்.

கம்பியைப் பார்க்காத கண்

இனி மின்கம்பிக்கு வருவோம். 'கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஷாக் அடிக்கறதில்லையே, இதுக்கு மட்டும் ஏன்?' இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரும். அறிவியல் ஆசிரியருக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஒரே கம்பியில் இரு கால்களையும் வைத்திருக்கும் பறவையின் உடல் வழியே மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அதனால் மின்னோட்டம் பாய்வதில்லை. இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொடும்போதுதான் ஆபத்து. பழந்தின்னி வௌவால் இறந்து தொங்குவது அப்படித்தான். கானமயில் பெரும்பாலும் மின்சாரம் தாக்கிச் சாவதில்லை. பறக்கும் வேகத்தில் கம்பியில் மோதி விழுந்து சாகிறது.

அவ்வளவு பெரிய பறவைக்குக் கம்பி தெரியாதா? 2010-இல் கிரகாம் மார்ட்டின், ஜெசிகா ஷா என்ற இரு ஆய்வாளர்கள், கானமயிலின் ஆப்பிரிக்க உறவான கோரி பறவையின் பார்வைப் புலத்தை அளந்தார்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். முன்னால் தெரிவது ஒரு குறுகிய பட்டைதான். தரையில் இரை தேடுவதற்காகத் தலையைச் சுமார் 25 பாகை குனித்தாலே, போகும் திசை முழுவதும் மறைந்துவிடுகிறது. பறக்கும்போதும் இவை கீழே பார்த்துக்கொண்டே போகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த உயரத்தில் முட்டிக்கொள்ள எதுவுமே இருந்ததில்லை. முன்னால் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கம்பி தெரிந்தாலும், 15 கிலோ உடலைக் கடைசி நொடியில் திருப்ப முடியாது.

இதை வகுப்பில் செய்துகாட்ட ஒரு பழைய அட்டைப் பெட்டி போதும். உள்ளங்கை அகல அட்டைத் துண்டை மூக்கின்மேல் நெற்றிவரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, தரையில் சிந்திய புளியங்கொட்டைகளை எண்ணியபடி நடக்கச் சொல்ல வேண்டும். எதிரே இருவர் ஒரு வண்ண நூலை நெஞ்சுயரத்தில் பிடித்து நிற்பார்கள். (கயிறு வேண்டாம், நூல் போதும். விழுந்துவிடக் கூடாது.) எங்கள் வகுப்பில் நூலில் முட்டாதவர் மிகக் குறைவு. பிறகு அதே நூலில் பளபளக்கும் பிஸ்கட் உறைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டு மீண்டும் நடக்கச் சொன்னோம். முட்டியவர்கள் குறைந்தார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. இந்த உறைத் துண்டுதான் மின்கம்பிகளில் மாட்டும் பறவை திருப்பி. காற்றில் சுழன்று ஒளியைத் தெறிக்கும் சிறு தகடு. ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த முடிவு அது.

ஆய்வு எப்படி நடக்கிறது

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் தாரில் செய்த வேலைகளில் இரண்டு நம் வகுப்புக்கு நேரே பயன்படும்.

முதலாவது, எண்ணுவது. பல ஆயிரம் சதுர கி.மீ. பரப்பில் நூற்றுச் சொச்சம் பறவைகளை எப்படி எண்ணுவது? நிலப்பரப்பை 144 சதுர கி.மீ. கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வகுத்த தடத்தில் வண்டியில் மெதுவாகச் சென்று, பார்த்ததையும் பார்த்த தூரத்தையும் குறிக்கிறார்கள். தூரம் கூடக் கூடக் கண்ணுக்குத் தப்பியவை அதிகம் என்ற கணக்கைப் போட்டு, மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். பள்ளி மைதானத்தில் கோலமாவால் கட்டம் போட்டு, நூறு பச்சை மணிகளைப் புல்லில் தூவி, எண்ணியதற்கும் தூவியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 'மதிப்பீடு' என்றால் குத்துமதிப்பு அல்ல என்பது அப்போது விளங்கும்.

இரண்டாவது, இறந்தவற்றைத் தேடுவது. மின்தடங்களின் கீழே 80 கி.மீ. தூரத்தை ஓராண்டில் ஏழு முறை நடந்து தேடினார்கள். 289 பறவைச் சடலங்கள் கிடைத்தன. ஏறக்குறைய 40 இனங்கள். அதில் கானமயிலும் இருந்தது. ஆனால் கிடைத்தது 289 என்றால் செத்தது 289 அல்ல. நரியும் நாயும் தூக்கிப் போனவை, புதரில் மறைந்தவை, அடிபட்டு வெகுதூரம் போய் விழுந்தவை உண்டு. அதற்கெல்லாம் திருத்தம் செய்து, பாலைவனத் தேசியப் பூங்காவையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த சுமார் 4,200 சதுர கி.மீ. பரப்பில் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கம்பிகளால் இறக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். 2017-20 காலத்தில் தாரில் பதிவான ஆறு கானமயில் இறப்புகளும் உயர் அழுத்த மின்தடங்களால் நேர்ந்தவை.

'ஆறுதானே சார்' என்றார்கள். இங்கேதான் அந்த முட்டைக் கணக்கு. இது முழுக்கக் கற்பனைக் கணக்கு என்று சொல்லிவிட்டே போட்டேன். நூறு பறவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது பெண். ஆளுக்கு ஒரு முட்டை, ஐம்பது. பாதி நாய்க்கும் காக்கைக்கும் போனால் 25 குஞ்சு. அதில் பாதி முதலாண்டைத் தாண்டினால் 12. ஒரு பறவை சுமார் 13 ஆண்டு வாழும் என்றால், நூறில் ஆண்டுக்கு எட்டு இயற்கையாக இறக்கும். ஆக நிகரமாகக் கூடுவது நான்கு. இப்போது கம்பியில் ஐந்து இறக்கட்டும். கூட்டல் கழித்தலாகிவிட்டது! நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள ஒன்று, ஓர் இனம் வாழ்வதற்கும் அழிவதற்கும் இடையே நிற்கிறது. கோழியை வைத்து இதே கணக்கைப் போட்டால் ஐந்து இறந்தால் ஒன்றுமே ஆகாது. கணித ஆசிரியர்கள் இதைத் தொடர்வரிசைக்கு இழுத்துச் செல்லலாம். இருபது ஆண்டுக்குப் போட்டு வரைபடமாக வரைந்தால் இன்னும் நல்லது.

நீதிமன்றமும் நான்கு மேசைகளும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் முன்னின்ற ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 19 ஏப்ரல் 2021 அன்று நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் மின்தடங்களை இயன்றவரை நிலத்தடியில் கொண்டுசெல்லவும், மற்றவற்றில் பறவை திருப்பிகளைப் பொருத்தவும் ஆணையிட்டது. அந்த ஆணைக்குள் வந்த பரப்பு சுமார் 99,000 சதுர கி.மீ. இந்தியாவில் சூரியனும் காற்றும் அதிகம் கிடைக்கும் இடமும் அதுதான். ஜோத்பூருக்கு வடக்கே பட்லாவில் உள்ள சூரிய மின் பூங்கா மட்டும் 2,245 மெகாவாட். உயர் அழுத்தத் தடங்களை அவ்வளவு தூரம் புதைப்பது தொழில்நுட்ப முறையிலும் செலவிலும் இயலாது, நிலக்கரியைக் குறைப்பதாக நாடு உலகுக்குச் சொன்ன வாக்கும் தடைப்படும் என்று மத்திய அரசு முறையிட்டது. 21 மார்ச் 2024 அன்று நீதிமன்றம் தன் முந்தைய ஆணையை மாற்றி, எங்கே எதைச் செய்யலாம் என்று ஆராய நிபுணர் குழுவை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்று சொன்ன தீர்ப்பு அதுதான். ஒரு பறவைக்காகத் தொடங்கிய வழக்கில் மனிதருக்கு ஓர் உரிமை எழுதப்பட்டது. குடிமையியல் ஆசிரியர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

வகுப்பை நான்கு மேசைகளாகப் பிரித்தேன். வனத்துறை, மின் நிறுவனம், ஓரணில் ஆடு மேய்க்கும் குடும்பம், நீதிமன்றம். பறவைக்கு மேசை இல்லை. அதற்காக யார் பேசுவது என்பதே முதல் சண்டை. மின் நிறுவனத்து மேசையில் உட்கார்ந்தவர்கள் கெட்டவர்களாக நடிக்கத் தொடங்கியதும் நிறுத்தினேன். 'கடல் சூடாவதால் மீன் குறைகிறது என்று உங்கள் அப்பா சொல்கிறாரே, அதற்கு மருந்தைக் கொண்டுவருகிறவர்களும் நீங்கள்தான்' என்றேன். பேச்சின் தரமே மாறியது. கடலடியில் கேபிள் போகிறதே, மண்ணுக்கடியில் போகாதா என்று மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள். குறைந்த அழுத்தக் கம்பிகளைப் புதைக்கலாம். உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தை நெடுந்தூரம் புதைத்தால் கேபிளே ஒரு மின்தேக்கி போலச் செயல்பட்டு மின்னோட்டத்தின் ஒரு பங்கை விழுங்கிவிடும். வெப்பமும் எளிதில் வெளியேறாது. எனவே கேள்வி 'புதைப்பதா வேண்டாமா' என்பதல்ல. எந்த ஐந்து கிலோமீட்டரைப் புதைப்பது, எந்தப் பத்துக் கிலோமீட்டரைச் சுற்றிக் கொண்டுபோவது என்பது. நீதிமன்ற மேசைப் பிள்ளைகள் வரைபடம் கேட்டார்கள். நிபுணர் குழு முன் இருந்ததும் அந்தக் கேள்விதான்.

ஆடு மேய்ப்பவர் மேசை கடைசிவரை சமாதானமாகவில்லை. 'பூங்கா வந்தாலும் எங்களைத்தான் வெளியே போகச் சொல்றாங்க, கம்பி வந்தாலும் எங்களைத்தான்' என்றான் ஒருவன். மத்தியப் பிரதேசத்தின் கரேரா இதற்குச் சான்று. 1981-இல் கானமயிலுக்காகவே அங்கே சரணாலயம் அறிவித்தார்கள். மக்களின் நிலம் அதற்குள் சிக்கியது; விற்கவும் வாங்கவும் முடியவில்லை; பெருகிய வெளிமான்கள் பயிரை மேய்ந்தன. ஊர் பறவையை வெறுத்தது. 1990-களில் கரேராவில் கானமயில் இல்லாமல் போயிற்று. கானமயில்களைப் பற்றிக் கள ஆய்வு செய்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆசாத் ரஹ்மானி போன்றோர், வேலி போடுவதைவிட ஊரைச் சேர்த்துக்கொள்வதே வழி என்று பலமுறை எழுதியதற்குப் பின்னணி இது.

பொரிப்பகத்துக் குஞ்சுகள்

2019-இல் ஜெய்சால்மருக்கு அருகே சாம் என்ற இடத்தில், காட்டில் எடுத்த முட்டைகளைப் பொரிப்பானில் வைத்துக் குஞ்சு வளர்க்கத் தொடங்கினார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ராஜஸ்தான் வனத்துறை, இந்திய வனவிலங்கு நிறுவனம் மூன்றும் சேர்ந்த திட்டம். இதே குடும்பத்து ஹூபாரா பறவையைப் பெருக்கிய அபுதாபி நிறுவனத்தின் உதவியும் உண்டு. பின்னர் ராம்தேவ்ராவில் இரண்டாவது மையம் வந்தது. அக்டோபர் 2024-இல் ராம்தேவ்ரா ஆண் பறவையின் விந்தைச் சாமுக்குக் கொண்டுவந்து, செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பிறந்தது. கானமயிலில் அதுவே முதல்முறை. 2025-இல் மையங்களில் இருந்த பறவைகள் அறுபதைத் தாண்டின.

எங்கே விடுவது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பாலை நிலத்தில் கலிபோர்னியா காண்டோர் என்ற பெருங்கழுகு 1987-இல் மொத்தம் 27 என்ற அளவுக்குக் குறைந்தபோது, காட்டிலிருந்த கடைசிப் பறவை வரை பிடித்துவந்து வளர்த்தார்கள். 1992 முதல் வெளியே விட்டார்கள். விட்ட பறவைகளில் சில மின்கம்பத்தில் மோதி இறந்தன. அதற்காகக் கூண்டுக்குள்ளேயே போலிக் கம்பம் நட்டு, உட்கார்ந்தால் மெல்லிய மின் அதிர்ச்சி தரும்படி செய்து, கம்பத்தை விட்டு விலகப் பழக்கினார்கள். இன்று காண்டோர் 500-க்கு மேல். ஆனால் காண்டோருக்குக் கம்பம் கண்ணுக்குத் தெரியும், பயிற்சி எடுபட்டது. தெரியாத கம்பிக்குக் கானமயிலை எப்படிப் பழக்குவது? இங்கிலாந்தில் 1832-வாக்கில் அற்றுப்போன பெரும் கானமயிலை 2004-இல் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்து சால்ஸ்பரி சமவெளியில் விடத் தொடங்கினார்கள். இருபது ஆண்டு உழைப்பு, இன்னும் முடியவில்லை.

நம் பக்கத்துக்கும் ஒரு வேலை

கானமயிலின் சிறிய உறவான வரகுக்கோழிக்குத் தமிழில் பெயர் இருக்கிறது, அதுவும் நம் தானியத்தின் பெயரில். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளில் மழைக்காலத்தில் இனம் பெருக்கிவிட்டு, பிறகு தெற்கும் கிழக்கும் பரவும் பறவை அது. ஆண் ஒரே இடத்தில் நின்று, நாள் முழுக்கப் பலநூறு முறை செங்குத்தாகத் துள்ளும். ஒரு பறவைக்கு ஊர் பெயர் வைத்தது என்றால் அதை அடிக்கடி பார்த்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் வரகு விதைத்த காலத்தை நினைவு வைத்திருக்கும் தாத்தா பாட்டியிடம் வரகுக்கோழி, கானமயில் என்ற பெயர்களைக் கேட்டிருக்கிறார்களா, எந்தப் பறவை என்று காட்டுகிறார்கள் என்று மாணவர்களைக் கேட்டுவரச் சொல்லுங்கள். படத்தைக் காட்டும் முன் அடையாளங்களைச் சொல்லச் சொல்வது முக்கியம். படத்தைக் காட்டிவிட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

எங்கள் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கு வரும் வழியில் ஒரு கிலோமீட்டர் மின்தடத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். கம்பியில் உட்கார்ந்திருப்பவை ஒரு பத்தி, கீழே இறந்து கிடப்பவை ஒரு பத்தி. இறந்ததைத் தொடக் கூடாது. சாலையைக் கடக்கக் கூடாது. இருவராகவே போக வேண்டும் என்பவை விதி. கரிச்சானும் மைனாவும் முதல் பத்தியை நிரப்புகின்றன. இரண்டாம் பத்தியில் இதுவரை பழந்தின்னி வௌவால்கள்தான். வடக்கே கழுவெளி ஏரி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் அங்கே பெரும்பறவைகள் வந்திறங்கும்போது அந்தப் பக்கத்துக் கம்பிகளையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பெற்றோர் இசைவுக் கடிதமும் வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும். மொத்தப் பாடத்துக்கும் எனக்கு ஆனது ஆறு பாடவேளை. மூக்கு அட்டைக்கு ஒன்று, மைதானக் கட்டத்துக்கு ஒன்று, முட்டைக் கணக்குக்கு ஒன்று, நான்கு மேசைக்கு இரண்டு. மிச்சமிருந்த ஒன்று கேள்விகளுக்கே போய்விட்டது.